எந்த விதி?

"விதி!" என்றார் கோயில் திண்ணையில் வீற்றிருந்த பெரியவர். "விதி!" என்றார் ஆலைக்கு உடையவர். "அவியளுக்க தலையெழுத்து சார், யாரைக் குத்தம் சொல்ல?" என்றார், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, கையிழந்த தோழரின் துணைவியார். மூவர் வாயிலும் ஒரே சொல். முதலாமவருக்கு அது பொழுதுபோக்கு. இரண்டாமவருக்கு அது கேடயம். மூன்றாமவருக்கோ, பாவம், வேறு ஆறுதல் இல்லாத வேளையில் கிடைத்த ஒரே ஆறுதல்!

நடந்தது இது. கொட்டாரத்தை அடுத்து, நாஞ்சில் நாட்டு வயல் முடிந்து தென்னந்தோப்பு தொடங்கும் இடத்தில், தும்பு ஆலை ஒன்று. தேங்காய் மட்டையை இயந்திரத்தின் வாயில் திணித்தால் மறுபுறம் தும்பு வந்து விழும். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மோட்டாரையும் இயந்திரத்தையும் இணைப்பது 'பெல்ட்' என்று தொழிலாளர் வழங்கும் சுழல் பட்டை. அதன்மேல் மூடி இல்லை. 2024ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், பட்டையருகே சுற்றிக்கொண்ட தும்பை எடுத்துவிடக் கை நீட்டினார் ஒரு தோழர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுக்கலாம். நிறுத்தினால் மீண்டும் ஓட வைக்க நேரமாகும், நேரமானால் மேற்பார்வையாளர் ஏசுவார். நீட்டிய கை திரும்பவில்லை. மணிக்கட்டோடு போயிற்று.

அவருடைய மகன் நம்மிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனபோதுதான் மேலே சொன்ன 'விதி'ப் பேச்சுகளை நாம் கேட்டோம்.

அதன்பின் ஆலைக்கும் போனோம். காண வேண்டிய காட்சிதான்! இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம். வாயிலில் திருஷ்டிப் பூசணிக்காய். கம்பியில் கோத்த எலுமிச்சையும் மிளகாயும். சென்ற ஆண்டு ஆயுத பூசையில் ஏதோ குறை நேர்ந்துவிட்டதாம். அதற்குப் பரிகாரம் செய்தாகிவிட்டதாம். எல்லாம் இருந்தன. பட்டைக்கு மூடி மட்டும் இல்லை! தகட்டை வளைத்துக் கம்பி வலை அடித்து ஒரு மூடி செய்ய, பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அரைநாள் வேலை. பரிகாரத்துக்கு ஆன செலவைவிடக் குறைவு என்று அந்தப் பட்டறைக்காரரே நம்மிடம் கணக்குச் சொன்னார்.

நண்பர்களே, தமிழில் இந்த 'விதி' என்ற சொல் விந்தையானது. தலையில் எழுதியதாகச் சொல்லப்படுவதும் விதி. அரசிதழில் எழுதப்படுவதும் விதி. முன்னதை எவரும் கண்டதில்லை. ஆனால் பட்டிதொட்டியெங்கும் அறியாதவர் இல்லை! பின்னதோ அச்சிட்டு, எண் போட்டு, யாரும் படிக்கலாம் என்று வைத்திருக்கிறது. ஆனால் அதை அறிந்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. காணாத விதிக்குத் தலை வணங்கும் நாடு, கண்ணெதிரே கிடக்கும் விதியைப் புரட்டிப் பார்க்க மறுக்கிறதே, ஏன்?

புரட்டிப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பிரிவு 21. இயங்கும் பாகங்கள், அவற்றுக்கு விசை கடத்தும் சக்கரங்கள், பட்டைகள் யாவும் உறுதியான தடுப்பால் மூடப்பட்டிருக்க வேண்டும்; இயந்திரம் ஓடும் நேரம் முழுவதும் அந்தத் தடுப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த பிரிவு 22. ஓடும் இயந்திரத்தருகே சென்று பார்த்தே தீரவேண்டிய வேலை இருந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்தான் போக வேண்டும். உடலை ஒட்டிய இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும். அந்த உடையை உரிமையாளரே தரவேண்டும். நம் தோழர் அன்று உடுத்தியிருந்தது நாலு முழ வேட்டி. பயிற்சி என்ற பேச்சே அங்கு எழுந்ததில்லை. விபத்து நடந்த நாளில் இந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. பன்னிரண்டு பேரும் மின்விசையும் உள்ள அந்த இடம் சட்டத்தின் கண்ணில் 'தொழிற்சாலை'யேதான். ஆக, 'விதிப்படி' நடந்திருந்தால் அந்தக் கை இன்று இருந்திருக்கும்!

*

'விதி' என்று சொல்லாமல் நாகரிகமாகப் பேசுவோரும் உண்டு. படித்தவர்கள். அவர்கள் வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'கவனக்குறைவு'. ஆத்திகர் ஆண்டவன்மீது போடும் பழியை, இவர்கள் அடிபட்டவன்மீதே போடுகிறார்கள். வருத்தத்தோடு கூறுகிறோம், நம் தோழர்களில் பலரும் இதை நம்புகிறார்கள். சோதிடத்தை எள்ளி நகையாடும் இளைஞர், சகுனத்தைச் சந்தி சிரிக்க வைக்கும் இளைஞர், "அவன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம்" என்று கூசாமல் கூறுகிறார். பகுத்தறிவு அந்த இடத்தில் படுத்து உறங்குகிறது!

மனிதன் தவறுவான். பத்து மணி நேரம் நின்று களைத்தவன் இன்னும் அதிகமாகத் தவறுவான். இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையா? எழுதுகோல் பிடிக்கும் நாமே ஒரு நாளில் எத்தனை எழுத்துப் பிழை செய்கிறோம்! நம் பிழையை அழிப்பான் அழித்துவிடுகிறது. அவன் பிழைக்கு மட்டும் கை தண்டமா? தவறுவான் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்தவர் எவரோ, அவருடையதல்லவா கவனக்குறைவு?

ஐரோப்பாவிலும் இந்த வாதத்தை முதலாளிமார் ஒரு காலத்தில் பேசித்தான் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைகளைச் சோதிக்க நான்கே நான்கு ஆய்வாளரைத் தந்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலி போடு என்றது. ஆலை முதலாளிகள் பொங்கி எழுந்தார்கள். 1855இல் வேலியை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள்! சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் அதற்கு, தொழிலாளரைச் சிதைப்பதற்கான சங்கம் என்று பொருள்படப் பட்டப்பெயர் சூட்டிப் பரிகசித்தது. அமெரிக்காவில், 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் சட்டை தைக்கும் ஆலை ஒன்று தீப்பற்றியது. 146 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அந்தப் பெண்களின் கவனக்குறைவா கதவைப் பூட்டியது? அந்தத் தீக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் தொழிற்சட்டங்களை அடுக்கடுக்காக இயற்றியது. சாம்பலிலிருந்துதான் சட்டம் எழுந்தது என்பது வேதனை. சாம்பலுக்குப் பிறகும் சட்டம் எழாத நாடுகளும் உண்டு என்பது அதனினும் வேதனை.

இங்கிலாந்து 1974இல் இன்னொரு படி ஏறிற்று. இன்ன இயந்திரத்துக்கு இன்ன வேலி என்று பட்டியல் போட்டுக்கொண்டே போனால் பட்டியலில் இல்லாத ஆபத்தில் ஆள் சாவான். ஆகவே, தன் இடத்தில் என்னென்ன ஆபத்து என்று ஆராய்ந்து, இயன்ற அளவு எல்லாவற்றையும் களைவது வேலை தருபவரின் பொதுக் கடமை என்று சட்டம் செய்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அங்கு வேலையிடத்து விபத்தில் சாவோர் தொகை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. பழைய பெருந்தொழில்கள் அங்கு மங்கிப்போனதும் அதற்கு ஒரு காரணந்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலேயனின் தலையெழுத்தைப் பிரமன் திருத்தி எழுதியதாக எவரும் கூறவில்லை!

ஆராய்வது என்றால் எப்படி? வழி எளிது. ஆபத்து வேறு, இடர் வேறு. சுழலும் பட்டை ஆபத்து. அதில் கை படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, பட்டால் எவ்வளவு கேடு என்ற இரண்டையும் சேர்த்து எடைபோட்டால் வருவது இடர். எடை போட்டபின் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார். முடியாவிட்டால், அதைவிடக் கேடு குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் மனிதனுக்கும் ஆபத்துக்கும் இடையே தடுப்பு எழுப்பு. அதன்பிறகுதான் வேலை முறையை, நேரத்தை, பயிற்சியைத் திருத்துவது. எல்லாவற்றுக்கும் கடைசியில், மிச்சமிருக்கும் இடருக்காக, தலைக்கவசமும் கையுறையும்.

நம் நாட்டில் நடப்பதோ தலைகீழ்ப் பாடம்! கடைசியில் உள்ளதை முதலில் வைத்து அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாயிலில் 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒரு பலகை. கிழிந்த கையுறை ஒரு சோடி. அடிபட்டால், "கையுறை கொடுத்தோமே, அவன் போடவில்லை" என்று ஒரு வாக்குமூலம். சுழலும் பட்டையருகே கையுறை போட்டுக்கொண்டு போவது கையை இன்னும் விரைவாக உள்ளே இழுத்துவிடும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

*

நம் ஊர் ஆலை சிறியது. கை ஒன்றுதான் போயிற்று. சிவகாசிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் நாள், பள்ளிகளில் மாணவர் நமக்கு மலர் கொடுத்து வாழ்த்துச் சொல்லும் நாள். அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 உயிர்கள். ஆலையில் வேலை செய்தவர் மட்டுமல்லர். காப்பாற்ற ஓடிவந்த சுற்றுப்புறத்து மக்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் மாண்டனர். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. உரிமம் நின்றது, ஆலை நிற்கவில்லை! 2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம். 20க்கும் மேற்பட்டோர். அங்கு வெளிவந்த கதை உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில். அறைகளை வாடகைக்கு எடுத்து மருந்து அடைத்தவர் வேறு பலர்.

வெடிமருந்துக்கும் விதி உண்டு. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது. இத்தனை எடைக்கு மேல் மருந்து கூடாது. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும். காரணம் வெளிப்படை: ஒன்று வெடித்தால் ஒன்றோடு போகட்டும் என்பதுதான். மரத்தடியில் பாய் விரித்து மருந்து உலர்த்தி, நால்வர் இருக்க வேண்டிய அறையில் பலரை அடைத்து, பண்டிகை நெருங்குகிறது என்று விரட்டினால், அந்தக் காரணம் அத்தனையும் காற்றில் போகிறது. பிறகு வருகிறார்கள்: அமைச்சர் அனுதாபம், இழப்பீட்டுக் காசோலை, செய்தித்தாளில் ஒரு படம். இழப்பீடு கேட்பது நம் உரிமை. ஒரு காசும் விடக்கூடாது. ஆனால், சாவுக்கு விலை பேசும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, சாகாமல் தடுப்பதில் காட்டப்படுகிறதா?

இன்னொரு குழி இருக்கிறது. அதில் விதியும் கவனக்குறைவும் மட்டுமல்ல, மனு தர்மமும் சேர்ந்து நாறுகிறது. கழிவுநீர்க் குழி! நச்சுக்காற்று இருக்கக்கூடிய குழிக்குள், காற்றைச் சோதிக்காமல், சுவாசக் கருவியும் இடுப்பில் கட்டிய கயிறும் இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவே தொழிற்சாலைகளுக்குச் சொல்லிவிட்டது. ஊர்ச் சாக்கடையில் இறங்குபவன் தொழிற்சாலைத் தொழிலாளி அல்லவே; அவனுக்கென்று தனியாகச் சட்டம் வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது. குழியில் இறங்குபவரின் சாதி மாறிற்றா? தூய்மைப் பணியாளர் தேசிய ஆணையத்தின் கணக்கில், இவ்வகைச் சாவுகளில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களுள் தமிழ்நாடும் உண்டு. சாதி ஒழிப்பைப் பேசிப் பேசி நாத் தழும்பேறிய நாட்டுக்கு இந்த முன்னணி இடம் பெருமையா? கேரளத்து இளைஞர்கள் சிலர் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் எந்திரத்தைச் செய்து காட்டிவிட்டார்கள். 2018 முதல் அது திருவனந்தபுரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் கொட்டாரத்திலிருந்து திருவனந்தபுரம் ஒரு காலைப் பயணம். 'ஆபத்தையே இல்லாமல் செய்' என்ற முதற்படி எட்டாக் கனி அன்று; பக்கத்து ஊரில் கிடைக்கும் சரக்கு!

*

சட்டம் எத்தனை பேரைப் பார்க்கிறது என்ற கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. 100 பேருக்குக் குறைவாக வேலை செய்த ஆலையை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. 1891இல் 100 என்பது 50 ஆயிற்று. 1922இல் 20. 1948இல், விசையால் இயங்கும் ஆலையானால் 10. அறுபத்தேழு ஆண்டுகளில் நூறு பத்தாகக் குறைந்தது. அதாவது, சட்டத்தின் பார்வை கூர்மையாகிக்கொண்டே வந்தது. போபாலில் 1984 டிசம்பரில் நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின், 1987இல் ஆபத்தான தொழில்களுக்கென்று தனி இயலே சேர்த்தார்கள்.

2020ஆம் ஆண்டு 13 சட்டங்களைக் கரைத்து ஒரே தொகுப்பாக வார்த்தார்கள். 2025 நவம்பர் 21 அன்று அது நடப்புக்கு வந்தது. அதில் தொழிற்சாலை என்பதற்கு எண் என்ன? 10 அன்று, 20! விசையில்லாத இடமானால் 40. கடிகார முள் பின்னோக்கி நகர்ந்து 1922இல் போய் நின்றுவிட்டது. நம் தும்பு ஆலை நேற்றுவரை தொழிற்சாலை. பன்னிரண்டு பேர் என்பதால் இன்று வெறும் நிறுவனம்! பட்டை அதே பட்டை. அதன் வேகமும் அதே வேகம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஆபத்தைக் களைவது முதலாளியின் பொதுக் கடமை என்று தொகுப்பு கூறுகிறது, மறுக்கவில்லை. தொழிற்சாலைக்கென்று தனியே உள்ள கட்டுப்பாடுகள் ஆலையின் வாயிலோடு நின்றுவிட்டன என்பதே நம் புகார். ஆய்வாளருக்கும் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்: ஆய்வாளரும் வசதி செய்து தருபவருமாம்! திருடனைப் பிடிப்பவரே திருடனுக்கு வழியும் சொல்ல வேண்டும் போலும்.

மத்திய அரசை மட்டும் சாடிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவும் மனமில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றமே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்தது, மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே நாளில் திரும்பப் பெற்றார்கள். பெற்றது நன்று. ஆனால், எட்டு மணி நேரத்துக்குப் பிந்தைய களைப்பில்தான் கை பட்டையருகே போகிறது என்பதை நினைவூட்ட வீதிக்கு வர வேண்டியிருந்ததே! அதே மன்றம் 2021இல், கடையில் நிற்கும் ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்ததையும் சொல்வதே நேர்மை. துணிக்கடைப் பெண்ணின் வீங்கிய காலைச் சட்டம் ஒருமுறையாவது குனிந்து பார்த்தது.

கணக்கில் எங்குமே வராதவர்களும் இருக்கிறார்கள். கொட்டாரத்திலிருந்து கடற்கரை நோக்கி நடந்தால் பனங்காடு. முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் திளாப்பை மாட்டி, ஒரே ஆள் ஏறுகிறார். ஒரு நாளில் பல மரம், ஒரு மரத்துக்குப் பலமுறை. விழுந்தால் முதுகெலும்பு. மரம் தொழிற்சாலை அன்று. அவர் ஒருவர், பத்துப் பேர் அல்லர். முந்திரி ஆலையில் ஓட்டுப் பால் பட்டுக் கை கருகிய பெண்களைக் கேளுங்கள். அது விபத்துக் கணக்கில் ஏறுவதே இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் வேலையால் சாவோர் ஏறத்தாழ 29 லட்சம் பேர். அவர்களில் விபத்தில் சாவோர் 3 லட்சத்துச் சொச்சம், மற்றையோர் நோயால் மெல்ல மெல்லச் சாவோர். வெடித்தால் செய்தி; இருமினால் செய்தி இல்லை.

குமரி முனையில், எங்கள் ஊருக்கு மிக அருகில், 133 அடி உயரத்தில் கடல் நடுவே நிற்கிறார் வள்ளுவர். 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் பாடினாரே என்று நம்மை மடக்குவார்கள். பாடினார், 38ஆவதாக. ஆனால் 62ஆவதாக 'ஆள்வினையுடைமை' என்று ஒன்று பாடினாரே, அந்த ஏட்டை மட்டும் ஏன் கரையான் அரிக்க விட்டீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்போம்.

இனி, செய்வதைப் பேசுவோம். புதிய தொகுப்பின் 14ஆம் பிரிவு நமக்குப் பயன்படும். தன் வேலையிடத்தின் ஆபத்துகளைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று அஞ்சக் காரணம் இருந்தால், முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே வேளையில் தெரிவிக்கலாம். முதலாளி உடனே ஆவன செய்து அறிக்கை அனுப்ப வேண்டும். கடமை தவறியதால் உயிர் போனால் ஈராண்டுவரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே. அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தரச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். இது எத்தனை தொழிலாளருக்குத் தெரியும்? தெரியாததற்கு அவர்களா பொறுப்பு? பட்டம் பெற்ற நாம் எதற்கு இருக்கிறோம்?

எங்கள் படிப்பகத்துத் தோழர்கள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இருவர் இருவராகச் சென்று, சுற்று வட்டாரத்துத் தும்பு ஆலை, மர அறுவை ஆலை, அரிசி ஆலை, செங்கல் சூளை ஆகியவற்றில் மூடியில்லாத பட்டை எத்தனை, தடுப்பில்லாத வாள் எத்தனை, தொங்கும் மின்கம்பி எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். எழுதியதை முதலில் உரிமையாளரிடமே காட்டுகிறார்கள். பாதிப்பேர் விரட்டுகிறார்கள், மீதிப்பேரில் சிலர் "மூடிதானே, போட்டுவிடலாம்" என்கிறார்கள். பகைக்க அல்ல, பட்டையை மூட வந்திருக்கிறோம் என்று புரிந்துவிட்டால் சிலர் தேநீர்கூடத் தருகிறார்கள். விரட்டுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் மனுவோடு உரிய அலுவலகத்துக்குப் போகிறது.

ஆயுத பூசையை என்ன செய்வது என்று ஒரு தோழர் கேட்டார். ஆண்டில் இயந்திரம் முழுதாக ஓய்ந்து கிடக்கும் நாள் அது ஒன்றுதான். அன்று பட்டறைக்காரரையும் அழைத்துப் போவது என்று முடிவாகியிருக்கிறது. சந்தனம் பூசுகிறவர் ஒரு பக்கம் பூசட்டும். மறுபக்கம் நாம் அளவெடுப்போம். கையிழந்த தோழர் நம்மோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் கை போகும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மகன் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறான். குறிப்பேட்டில் கோடு போட்டுக் கொடுப்பது அவன்தான்.